வட்ட மேசையும் வாசல் மணியும்

கட்டிங் மாஸ்டர் ஊரெல்லாம் முட்டிக்கொள்வார். பஸ் கம்பி, கடைவாசல் சைக்கிள், வேலையிடத்துக் கதவு நிலை என்று எதையும் விட்டுவைப்பதில்லை. இடித்துவிட்டு, அதுதான் குறுக்கே வந்தது என்பதுபோல் ஒரு முறை முறைத்துவிட்டுப் போவார். ஆனால் சொந்த வீட்டுக் கூடத்தில் அவர் ராஜா. வாசல் மிதியடியிலிருந்து நான்கு எட்டு, மேசை முனையில் விரல், அங்கிருந்து வலப்பக்கம் திரும்பிப் புத்தக அலமாரியை உரசினாற்போல் மூன்று எட்டு, சமையலறை. அப்படிப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை பிற்பகல் வீட்டுக்குள் நுழைந்த மூன்றாவது எட்டிலேயே முழங்காலை எதிலோ ணங்கென்று மோதி, "ஐயோ அம்மா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மோதியது அவருடைய சாப்பாட்டு மேசைதான். கால் நான்கையும் மேலே தூக்கிக்கொண்டு தலைகீழாகக் கிடந்தது. அதன் நடுவில் மச்சினன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு காலின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் எலக்ட்ரீஷியன். ஆள் பருமன். அக்காள் கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓடி வருவான்.

"என்ன மாமா, இவ்வளவு பெரிய உருப்படி உட்கார்ந்திருக்கேன், பார்த்து வரக்கூடாதா?"

அந்தப் 'பார்த்து' மாஸ்டருக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் குரலை உயர்த்தினார். "யாரைக் கேட்டுடா என் மேசையை உடைக்கிறே?"

"உடைக்கலை மாமா, கழட்டுறேன். மேசைக்கு முனை இருக்கக் கூடாதாம். இருந்தா அது அம்பு மாதிரி ஆளைக் குத்துமாம். அக்கா சொன்னாங்க."

"இருபது வருஷமா என்னை எந்த அம்பும் குத்தலையே!"

சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி மனைவி வந்தாள். அவளுக்கு நூலகத்தில் வேலை. மூன்று வாரமாக அங்கிருந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஃபெங் சுயி, சீனத்து வாஸ்து என்று அதே பேச்சாக இருந்தாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று மாஸ்டர் அசட்டையாக இருந்தது தப்பாகப் போயிற்று.

"அப்படியே எழுந்திருங்க. சோபாவைச் சுவர் ஓரமாப் போட்டாச்சு. அலமாரியை உள்ளே தள்ளியாச்சு. இந்த மேசையும் போயிடுச்சுன்னா வாசல்ல இருந்து சமையலறை வரைக்கும் குறுக்கே ஒண்ணுமே இருக்காது. சக்தி ஓடுறதுக்கு வழி வேணுமாம்."

"சக்தி ஓடுறதுக்கா? இங்க மனுஷன் நடக்க வழியைக் காணோம்!"

"அதுக்கும் சேர்த்துத்தான்" என்றாள் அவள்.

மாஸ்டருக்கு ஏன் அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் கூடம் அவர் போட்ட கணக்கு. ஆயத்த ஆடை செய்யும் இடத்தில் இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிறவர். கை, முதுகு, காலர் என்று எல்லாத் துண்டையும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் அடுக்கி, விரல் அகலத் துணியும் வீணாகாமல் தாளில் கோடு போடுவதற்கு மார்க்கர் என்று பெயர். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே பழுப்புத் தாளை விரித்து, கட்டில், சோபா, மேசை, அலமாரி எல்லாவற்றையும் அளவுக்கு வெட்டிவைத்து, கூடத்துக்கு ஒரு மார்க்கர் போட்டார். சந்து பொந்து மிச்சமில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார். வந்தவர்கள் உட்கார இடம் தேடிக்கொண்டே தலையாட்டுவார்கள்.

இது வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே இன்னொன்று இருந்தது. மாஸ்டருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்றப் போனார். கடைக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, நீங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். கண் டாக்டரம்மா ஒரு வெள்ளைக் குழிக்கு முன் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் அழுத்துங்கள் என்றார். மாஸ்டர் கவனமாக அழுத்தினார். நன்றாகத்தான் செய்தோம் என்று நினைத்தார். வந்த தாளில் இடப்பக்கம் பெரும்பாலும் கறுப்பாக இருந்தது.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. இடது கண்ல பாதிக்கு மேல போயிடுச்சு. வலதுலயும் ஓரத்துல ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "போனது திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாத்திடலாம். சொட்டு மருந்து விடணும், மூணு வாரத்துல கண்டிப்பா வரணும். தள்ளிப்போட்டீங்கன்னா இருக்கிறதும் போயிடும்."

எழுதிக் கொடுத்த சீட்டை மாஸ்டர் எட்டாக மடித்தார். பழைய அட்டை மாதிரிகள் போட்டுவைக்கும் தகரப் பெட்டியின் அடியில் அதைச் செருகி, பீரோவுக்கு மேல் வைத்தவர்தான், மறுபடி பெட்டியைத் திறக்கவே இல்லை. மருந்து ஒரு குப்பி வாங்கி வேலையிடத்திலேயே வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கண்ணில் விட்டுக்கொண்டார். அது தீர்ந்தது. இரண்டாவது குப்பிக்குச் சீட்டை எடுக்க வேண்டும். எடுத்தால் தேதி போய்விட்டது தெரியும். அந்தத் தேதியைக் கண்ணால் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. எண்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்டுகிற மனுஷர், ஒரு தகரப் பெட்டிக்குப் பயந்தார்.

வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் மனைவியைப் பற்றியது. மாமனாருக்குக் கடைசி ஒன்பது வருஷம் பார்வை இல்லை. அவரை இதே வீட்டில் வைத்துக் கைப்பிடித்து நடத்தியவள் அவள்தான். கிழவர் சும்மா இருக்கமாட்டார். தட்டைக் கையில் எடுத்துக் கொடுத்தால், "என்னைக் குருடன்னு நினைச்சியா?" என்று எறிவார். எறியாவிட்டால் துழாவிக் கொட்டுவார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் துடைப்பாள். அவர் போன பிறகு இரண்டு நாள் அவள் எழுந்திருக்காமல் தூங்கினாள். அப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாஸ்டர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்: போதும், இவளுக்கு இனி இந்தப் பாடு வேண்டாம். அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இப்போது வாயைத் திறக்காமல் இருந்தார். நல்ல எண்ணம்தான். முட்டாள்தனமும்தான்.

ஆக, எட்டு எண்ணி நடந்த கூடம் கையை விட்டுப் போயிற்று. மேசையை மச்சினன் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். சாயங்காலம் ஒரு வட்ட மேசையோடு மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"சமநிலை வேணும்னு சொல்றீங்களே அக்கா, என் முதுகுக்கு எப்போ வரும் அது?"

"டீ குடிச்சா வரும், உட்காரு."

மேசையோடு விட்டாளா என்றால், இல்லை. அடுத்த வாரம் படுக்கையறைக் கண்ணாடி போயிற்று. கட்டிலுக்கு எதிரே கண்ணாடி இருந்தால் தூக்கத்தில் சக்தி கலைகிறதாம். மாஸ்டர் அதற்கு மட்டும் மனசுக்குள் நன்றி சொன்னார். கொஞ்ச நாளாகவே அந்தக் கண்ணாடியில் யாரோ ஒரு ஆள் திடீரென்று நிற்பதுபோல் தோன்றி அவர் திடுக்கிட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் அவரேதான்.

பிறகு வாசல் கதவில் ஒரு மணி வந்தது. கதவு அசைந்தால் ஐந்து பித்தளைக் குழல்களும் கிணுகிணுக்கும். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நீரூற்று வந்தது. கல்லுக்கு மேல் தண்ணீர் விழுந்து களகளவென்று சதா சத்தம் போட்டது. மூலைக்கு ஒரு விளக்கு. பால்கனிப் படி விளிம்பில் பட்டையாக மஞ்சள் நாடா. மஞ்சள் மண்ணின் நிறமாம், மண் நிலைநிறுத்துமாம். டீ இனிமேல் எப்போதும் வலது கைப்பக்கம்தான் வைக்கப்படும் என்று ஒரு சட்டம். கதவென்றால் முழுக்கத் திறந்திரு, இல்லையென்றால் முழுக்க மூடு, பாதியில் நிற்கக் கூடாது என்று இன்னொரு சட்டம்.

"பாதிக் கதவு என்ன பாவம் பண்ணிச்சு?"

"பாதிக் கதவுல சக்தி உள்ளே வர்றதா வேண்டாமான்னு தயங்கி நிக்குமாம்."

"அதுவும் உன்னைக் கேட்டுத்தான் வரணும் போலிருக்கு."

தெருவில் நடப்பதையும் அவள் விட்டுவைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வலப்பக்கம் நடந்தவள், திடீரென்று இடப்பக்கத்துக்கு மாறிவிட்டாள். பெண்சாதி இடப்பக்கம் வந்தால் இரண்டு பேருடைய சக்தியும் சரிசமமாகுமாம். போதாததற்குத் தினமும் பதினொரு மணிக்கு வேலையிடத்துக்குப் போன் வேறு. "என்னங்க, திரைத்துணிக்குப் பச்சை வாங்கட்டுமா, நீலம் வாங்கட்டுமா?" மறுநாள், "என்னங்க, செடி வைக்கிறதுக்கு மண்தொட்டி நல்லதா, பீங்கான் நல்லதா?" ஒரு கையில் கத்தி மெஷினோடு நிற்கிற மனுஷனுக்கு வருகிற கேள்வியா இது? "ஏதோ ஒண்ணை வாங்கித் தொலை!" என்று வைப்பார். அவள் கோபித்துக்கொள்வதே இல்லை. "சரி சரி, குரல் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டு வைப்பாள்.

மாஸ்டர் வாய்விட்டு ஒப்புக்கொள்ளமாட்டார், ஆனால் ஒரு மாதத்தில் முழங்கால் சிராய்ப்பு ஆறிவிட்டது. எண்ணாமலே நடக்க ஆரம்பித்திருந்தார். அது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் நடந்தது இதுதான். நீண்ட மேசையில் எண்பது அடுக்குத் துணி. மேலே கோடு போட்ட தாள். வலது கையில் கத்தி மெஷின், துணியை அமுக்கிப் பிடிக்கும் இடது கையில் இரும்பு வலைக் கையுறை. சட்டைக் கை மாதிரியின் வளைவில் கத்தியைத் திருப்பினார். வளைவு முடிகிற இடம் இடப்பக்கம் இருந்தது. கோடு அங்கே முடிந்துவிட்டதாக அவர் நினைத்தார். முடியவில்லை. கத்தி அடுத்த துண்டுக்குள் புகுந்து நேரே போய், அவர் இடது கையின் மேலேயே ஏறிக் கிரீச்சென்று அலறியது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றினார். விரல் ஐந்தும் இருந்தன. சுண்டுவிரல் பக்கம் இரும்பு வளையம் இரண்டு அறுந்திருந்தது. எண்பது முன்பக்கத் துண்டுகளும் தோளில் குறுக்கே வெட்டுப்பட்டு ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தன. இருபத்தாறு வருஷத்தில் அவர் கையால் ஒரு அடுக்கு கெட்டுப்போனது இதுதான் முதல் தடவை.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உடம்பு சரியில்லையா மாஸ்டர்? வீட்டுக்குப் போங்க, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று தோளைத் தட்டினார். அந்தத் தட்டு இடப்பக்கத்திலிருந்து வந்ததால் மாஸ்டர் துள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினார். மணி கிணுகிணுத்தது. அவ்வளவுதான், பகலெல்லாம் அடக்கிவைத்தது மொத்தமும் அந்த மணியின் தலையில் விடிந்தது.

"கழட்டு இதை! எல்லாத்தையும் கழட்டு! என் மேசை எங்கே? எல்லாம் பழையபடி இருக்கணும்! மாத்தினதுல இருந்துதான் எனக்குத் தொட்டது துலங்கலை!"

வட்ட மேசையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள், இரண்டையும். பார்த்துவிட்டு மெதுவாக மூச்சு விட்டாள். அது அப்போது மாஸ்டரின் கவனத்துக்கு வரவில்லை.

"கழட்டலாம்" என்றாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. செவ்வாய்க்கிழமை பண்ணணும். அதுக்கு நீங்களும் வேணும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம், எதை வேணும்னாலும் கழட்டுங்க."

"ஒண்ணும் கிடையாது! அந்தப் புத்தகம் எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்..." முடிக்கத் தெரியாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு நூலகத்தில் முறை. அவள் கிளம்பிப் போனதும் மாஸ்டர் புத்தகத்தைத் தேடி எடுத்தார். விடிய விடிய யோசித்து ஒரு திட்டம் போட்டிருந்தார். புத்தகத்தை வரி விடாமல் படிப்பது, அதில் உள்ள ஓட்டை உடைசலை எல்லாம் பொறுக்கி எடுப்பது, அவள் வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாயடைக்கச் செய்வது. அளவுக்காரனிடமா கதை விடுகிறாய்? புத்தகத்தை வலது கண்ணுக்கு நேரே பிடித்து, மூலை விளக்கைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

பத்துப் பக்கத்திலேயே பிடி கிடைத்தது. நீரூற்றை வாசலுக்குப் பக்கத்தில் வை என்றிருந்தது புத்தகத்தில். குளியலறைப் பக்கம் மட்டும் வைக்கவே கூடாது, வந்த சக்தியெல்லாம் வடிந்து போய்விடும் என்று தனியாக ஒரு பத்தியே இருந்தது. மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவள் புத்தகத்தையே தப்பாகப் படித்திருக்கிறாள்! தொடையைத் தட்டிக்கொண்டு மேலே படித்தார்.

முனை மேசை ஆகாது என்று இருந்தது, சரி. அடைசல் ஆகாது என்று இருந்தது, சரி. கட்டிலுக்கு எதிரே கண்ணாடி வேண்டாம் என்றும் இருந்தது. பால்கனிப் படியில் மஞ்சள் நாடாவைப் பற்றி எங்கும் இல்லை. டீயை எந்தப் பக்கம் வைப்பது என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பாதிக் கதவு என்ற பேச்சே இல்லை. மனைவி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதற்குப் பொருளடக்கத்தை இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்தார். மனைவி என்ற சொல்லே அதில் காணோம்.

மாஸ்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தப்பாகப் படித்தால் ஒன்றிரண்டு தப்பாகும். இத்தனையும் எப்படித் தப்பாகும்?

புத்தகத்தின் பின்பாதியில் அடையாளத்துக்கு ஒரு தாள் செருகியிருந்தது. இழுத்தார். எட்டாக மடிக்கப்பட்டு, பிறகு யாரோ நன்றாக நீவி நேராக்கிய தாள். மேலே கண் மருத்துவமனையின் பெயர். கீழே டாக்டரம்மாவின் கிறுக்கல். மூன்று வாரத்தில் வரச்சொன்ன தேதி ஒரு கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், நூலகச் சீட்டுகளில் எழுதி எழுதிப் பழகிய மனைவியின் கையெழுத்தில், வேறொரு தேதி. செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி.

தாளைத் திரும்ப அதே பக்கத்தில் செருகினார். பிறகு எழுந்தார். புத்தகத்தை மேசையில் வைக்கும்போது விரல்கள் மேசையின் விளிம்பைத் தடவின. முனையே இல்லை, இடித்தாலும் காயம் படாது. வாசலிலிருந்து சமையலறை வரை நடந்து பார்த்தார். கையை எங்கும் நீட்ட வேண்டியிருக்கவில்லை. குளியலறை எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை, தண்ணீர்ச் சத்தம் சொல்லிக்கொண்டிருந்தது. யாராவது உள்ளே வந்தால் மணி சொல்லிவிடும், இடப்பக்கம் யாரோ முளைத்து அவர் துள்ள வேண்டாம். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியில் இடிக்காது. பால்கனிப் படி மஞ்சளாகக் கூப்பிட்டு எச்சரிக்கும்.

இருபது வருஷத்துக்கு முன் அவர் சாமான்களுக்காக அந்தக் கூடத்தில் மார்க்கர் போட்டார். அவள் அவருக்காகப் போட்டிருந்தாள். மாஸ்டர் சோபாவில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமனார் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

மத்தியானம் மணி கிணுகிணுத்தது. செருப்பை விடும் சத்தம், பை வைக்கும் சத்தம். அவள் நேரே வந்து அவருக்கு எதிரில் நின்றாள். இப்போதுதான் அவருக்குப் புரிந்தது, கொஞ்ச நாளாகவே அவள் பக்கவாட்டிலிருந்து பேசுவதே இல்லை.

"சாப்பிட்டீங்களா?"

"புத்தகம் படிச்சேன்."

"அப்படியா?" குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம். "எதுவரைக்கும் படிச்சீங்க?"

"நீ அடையாளம் வச்சிருந்த பக்கம் வரைக்கும்."

அவள் வட்ட மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தண்ணீர் மட்டும் களகளத்துக்கொண்டிருந்தது.

"எப்போ தெரியும்?" என்றார்.

"டீயை இடது பக்கம் வச்சா ஆறிப்போய் அப்படியே இருந்துச்சு. மூணு நாள் வச்சுப் பார்த்தேன், மூணு நாளும் ஆறிப்போச்சு. அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

"சீட்டு?"

"நீங்க எதை ஒளிச்சாலும் அந்தத் தகரப் பெட்டியிலதானே ஒளிப்பீங்க. கல்யாணமான புதுசுல ஒளிச்ச சிகரெட்டுல இருந்து."

மாஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "கத்தியிருப்பேன்."

"அப்பாவும் கத்துவார். ஒன்பது வருஷம் கேட்டாச்சு. உங்களை அப்படிக் கத்த விட எனக்கு மனசு வரலை. மருத்துவமனையில கெஞ்சினதுல கிடைச்ச முதல் தேதி செவ்வாய்க்கிழமைதான். அதுவரைக்கும் நீங்க எங்கேயும் விழாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. வீட்டைத்தான் என்னால மாத்த முடியும். அந்தக் கத்தி மெஷினை என்ன பண்றது? தினம் பதினொரு மணி வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்துட்டு, உங்க குரலைக் கேட்டப்புறம்தான் தண்ணியே குடிப்பேன்."

'ஏதோ ஒண்ணை வாங்கித் தொலை' என்று தான் வைத்த போன்களை எல்லாம் மாஸ்டர் நினைத்துப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து அறுந்த இரும்பு வளையம் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் அந்த வளையங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது, துடைக்கவில்லை.

"நாளைக்கு மேற்பார்வையாளர்கிட்ட சொல்லிடுறேன்" என்றார் மாஸ்டர். "கத்தியை இனிமே தொடமாட்டேன். தாள்ல கோடு போடுற வேலை கேட்டுப் பார்க்கிறேன். நேரே இருக்கிறது நல்லாத்தான் தெரியுது. கொடுத்தா சரி, கொடுக்கலைன்னாலும் சரி."

"ம்."

"உனக்கு மறுபடியும் இந்தப் பாடு வரக்கூடாதுன்னுதான் சொல்லலை."

"பாடுன்னு யாரு சொன்னா?" அவள் குரல் முதல் தடவையாகச் சூடேறியது. "அப்பாவைப் பார்த்துக்கிட்டது எனக்குப் பாடு இல்லை. அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, எல்லாம் போனப்புறம் சொன்னாரே, அதுதான் பாடு. முன்னாடியே சொல்லியிருந்தா பாதியாவது மிச்சம் இருந்திருக்கும். நீங்களும் அதையேதானே பண்ணீங்க?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை மாதத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று டாக்டரம்மா இனிமேல்தான் அளந்து சொல்ல வேண்டும். அந்தக் கறுப்பு வளர்ந்திருக்கும் என்று அவருக்கே தெரியும். அதற்கு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

"மணியைக் கழட்டச் சொல்லித் தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருக்கட்டும். அவன் இன்னொரு தடவை மூணு மாடி ஏறினா நம்ம மேல கேஸ் போட்டுடுவான்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "செவ்வாய்க்கிழமை பஸ்ஸா, நடையா?"

"நடந்தே போயிடலாம். கிட்டதானே?"

"நீ எந்தப் பக்கம் வருவே?"

"இடது பக்கம்தான்."

"புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லையே. முழுக்கத் தேடிட்டேன்."

அவள் எழுந்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேசையைச் சுற்றி வந்தவள் அவர் பார்வையிலிருந்து மறைந்துபோனாள்.

"புத்தகம் கிடக்கட்டும்" என்றது அவள் குரல். "உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியலையோ, அந்தப் பக்கம் வருவேன்."

மாஸ்டர் தலையைத் திருப்பித் தேடவில்லை. இடது கையை, தனக்கு ஒன்றுமே தெரியாத அந்தப் பக்கத்தில், சும்மா நீட்டினார். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.